மூன்று பேரான மதிசுதன்

ஜூலை 7, திங்கள். பான் நகரம், ஜேர்மனி.

ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்று பார்த்துப் பழக, எங்கள் பல்கலைக்கழகம் என்னை இரண்டு கிழமைக்கு அனுப்பியிருக்கிறது.

கட்டடத்துக்குள் போக அட்டை வேண்டும். அட்டை தருகிற அறை கட்டடத்துக்குள்ளே இருக்கிறது. நாற்பது நிமிடம் மழையில் நின்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. பரீட்சைக் கிளையில் இருபத்தாறு வருடம் இருந்தவளுக்கு இது சொந்த வீடு மாதிரி.

ஜூலை 8

மிதுசாதான் எனக்குத் துணை. இங்கேயே பிறந்த பிள்ளை, அனுமதிப் பிரிவில் வேலை. "எங்கட பெரியவர் குறூகர் கொஞ்சம் கடுமை, அக்கா. பயப்பிடாதேங்கோ."

பயமா? மேசையில் பென்சில்களை நீளப்படி அடுக்கி வைத்திருக்கிறார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

ஜூலை 10

குறூகர் நிராகரிக்கப்போகும் விண்ணப்பம் ஒன்றைக் காட்டினார். இங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பித்த எங்கள் பட்டதாரி. கடவுச்சீட்டில் ஸ்ரீஸ்கந்தராஜா மதிசுதன். பிறப்புப் பதிவில் வெறும் மதிசுதன். பட்டச் சான்றிதழில் எஸ். மதிசுதன்.

"இது மூண்டு பேராம், அக்கா," மிதுசா மொழிபெயர்த்தாள். "மூண்டும் ஒராள்தான் எண்டு திங்கள் பன்னிரண்டு மணிக்குள்ள உங்கட பல்கலைக்கழகக் கடிதம் வராட்டி இடம் போயிடும்."

சான்றிதழின் அடியில் 'சரிபார்த்தது' என்று ஒரு கையெழுத்து. என்னுடையது.

அந்தப் பெடியன் முழுப்பெயர் போடச் சொல்லி மூன்று தரம் வந்தவன். படிவத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தரம் அவன் நின்றுகொண்டிருக்க, நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

குறூகரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 11

சொல்லிவிட்டேன். "அது என்ர பிழை. நான்தான் பேரை வெட்டினனான்." மிதுசா தயங்கினாள். "அப்பிடியே சொல்லும் பிள்ளை."

குறூகர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்படியானால் கடிதத்தையும் நீங்களே எடுத்துத் தாருங்கள் என்றார்.

ஊருக்கு அழைத்தேன். என் கிளையின் இளைய எழுதுவினைஞர் வின்சன்ற் எடுத்தார்.

"ஏலாது அக்கா. பட்டதாரி நேரில வரவேணும். மூண்டு பிரதி. பதினாலு வேலைநாள்."

"ஆர் அந்தச் சட்டம் போட்டது?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கள்தான் அக்கா."

"அப்ப நான் மாத்திறன்!"

"மாத்திறதெண்டா எழுத்தில தரவேணும். அதுவும் நீங்கள்தான்..."

கடவுளே, எவ்வளவு நல்லாகப் பழக்கி வைத்திருக்கிறேன்!

எழுத்தில் கொடுத்தேன். மூன்று பிரதி.

ஜூலை 14

மின்னஞ்சலில் வந்த கடிதத்தைக் குறூகர் ஏற்கவில்லை. ஃபக்ஸில் வந்தால் ஏற்பாராம்! வின்சன்ற் களஞ்சிய அறையில் கிடந்த மெசினைத் தூசி தட்டித் தொலைபேசி இணைப்பில் பூட்டினார். முதலில் வெறுந்தாள் வந்தது. தாளை மறுபக்கமாக வைத்திருக்கிறார். பிறகு பாதிக் கடிதம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முழுக் கடிதம், முத்திரையோடு.

குறூகர் தன் முத்திரையை எடுத்து ஊதிவிட்டுக் குத்தினார்.

ஜூலை 15

மதிசுதனை அழைத்தேன். நான் யாரென்று சொன்னதும், "இன்னும் என்ன படிவம் வேணும் அக்கா?" என்றான். குரலில் அழுகை.

"இடம் கிடைச்சிட்டுது தம்பி."

நம்பவில்லை. மிதுசா சொல்லத்தான் நம்பினான்.

ஜூலை 18, வெள்ளி

கடைசி நாள். பின்னேரம் மிதுசாவும் நானும் பக்கத்து நகரமான கொலோனின் தேவாலயம் பார்க்கப் போவதாக இருந்தோம். அப்போது குறூகர், பெயர்க் குழப்பத்தால் நிறுத்திவைத்த பதினொரு விண்ணப்பக் கோவைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். ஒன்பதில் என் கையெழுத்து.

"ட்றெயின் இரண்டு மணிக்கு, அக்கா," என்றாள் மிதுசா.

மேலங்கியைக் கழற்றி மாட்டினேன். வெள்ளியில் பன்னிரண்டுக்கே வீட்டுக்குப் போகிற குறூகரும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.