பிரிவுபசாரத்துக்குப் பிறகு இரண்டு வருஷம்

அன்புள்ள பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் எது நல்லது எது கெட்டது என்று புரியாமல் தலை கிறுகிறுக்கிறது. நான் ஓய்வு பெறுவதாக அம்மா போனில் சொல்லியிருப்பாள், அதை மறந்துவிடு. பிரிவுபசார விழா முடிந்த மறுவாரம் ஆணை வந்துவிட்டது, ஓய்வு வயதை இரண்டு வருஷம் தள்ளி வைத்துவிட்டார்கள். வயதானவர்கள் பெருகிவிட்டார்களாம், ஓய்வூதிய நிதி தாங்காதாம். காலாகாலத்தில் சாகாமல் நாங்கள் செய்த துரோகத்துக்கு நாங்களே உழைத்து ஈடுகட்ட வேண்டும் போலிருக்கிறது.

ஆணைகூடப் பரவாயில்லை மகளே, விழாவில் நான் பேசியதுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருக்கிறது. இனி இந்த முகங்களில் விழிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில், எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை எங்கள் பொறியாளர் தன் மச்சினனுக்குக் கொடுத்தது, நான் ராப்பகலாக வரைந்த குடிநீர்க் குழாய் வரைபடங்களில் தன் பெயரைப் போட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிவிட்டேன். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இப்போது தினமும் அவரிடமே கையெழுத்துக்கு நிற்கிறேன். முதல் நாளே, "வாங்க சார், பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு, மீதி ஏதாவது பாக்கி இருக்கா?" என்றார். ஆபீஸே சிரித்தது. எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சாய்வு நாற்காலியைத் திருப்பிக் கேட்பார்களோ என்று வேறு சந்தேகம், அதில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது.

விருப்பமில்லாதவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓய்வூதியம் குறைந்துவிடும், எனக்குப் பின் அம்மாவுக்கு வருவது அதிலும் பாதிதான். போய்விடுகிறேன் என்றால் அம்மா, "உங்க ரோஷத்தக் காட்டினா மருந்துக் கடைக்காரன் மாத்திரை குடுப்பானா?" என்கிறாள். இருக்கிறேன் என்றால் உன் தம்பி, "நீங்கள்லாம் எந்திரிச்சாத்தானேப்பா நாங்க உக்கார முடியும்" என்கிறான். படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளை அப்படிச் சொல்லும்போது அடிக்கவா முடியும்? இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கிறது, அதுதான் என் கஷ்டம். இந்தச் சீர்திருத்தம் யாருக்காக என்று பத்திரிகையில் வந்த கட்டுரையெல்லாம் படித்தேன், எழுதியவனுக்கும் தெரியவில்லை.

என் இடத்துக்குப் போட்டிருந்த பெண்ணை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்குப் பச்சைப் புடவையில் வந்தாளே, அவள்தான். அவளுடைய பதவி உயர்வை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான் திரும்பிப் போனபோது என் மேஜையில் அவள் தன் சாமான்களை அடுக்கியிருந்தாள். எனக்கு மேஜையே இல்லை, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து வந்து, "எதுக்கு சார் அங்க போய் உக்காந்துட்டீங்க, இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நான், ரெண்டு வருஷம்தானே" என்று பாதி மேஜையை ஒழித்துக் கொடுத்தாள். அவளுக்குக் கிடைக்கவேண்டியதைத் தட்டிப் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கு அதைச் செய்தவனை இத்தனை வருஷமாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். அவளானால் என்னிடம் சிரித்துப் பேசுகிறாள். ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், ஒரு வார்த்தை குத்திப் பேசினால், போடி என்று இரண்டு வருஷமும் அங்கேயே இருந்துவிடுவேன். அவள் அப்படிப் பேசமாட்டேன் என்கிறாள். மாதக் கடைசியும் வந்துகொண்டிருக்கிறது.

உன்னிடம் பணம் கேட்கவில்லை, யோசனைதான் கேட்கிறேன். உனக்கும் புரியாவிட்டால் புரியவில்லை என்றாவது எழுது, துணைக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும்.

இன்னும் ஓய்வு பெறாத,
உன் அப்பா