விஷமூங்கில் விதை

மார்ச் 3
கடையில் பழுதுபார்க்க ஏழு செல்போன் திறந்தேன், ஐந்து பிழைத்தன. சாயங்காலம் நர்ஸம்மா (என் மனைவிதான்) போனில் பேசினாள். மாற்றலாகிக் கடலோர ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மாதம். “கொல்லையில நான் வச்ச விஷமூங்கில் காய்ச்சிருந்தா ஒரு விதை அனுப்புங்க. குவார்ட்டர்ஸ் பின்னாடி உப்புத்தண்ணி நிக்குது, வேற எதுவும் பிழைக்காது.”

வெங்காயம் போலக் கிழங்கு, வெள்ளைப் பூ. இதற்கு மூங்கில் என்று பெயர் வைத்த மகராசன் யார்?

மார்ச் 4
செடியில் எலுமிச்சை அளவில் நாலு பச்சை உருண்டை. ஒன்றை அறுத்தேன். விதை இல்லை, வெள்ளையாக ஈரச் சதை. இன்னொன்று, அதுவும் அப்படியே. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 5
மூன்றாவதும் போச்சு.

ஒரு சந்தேகம். இரண்டு வருஷ மாற்றல் என்றுதானே சொன்னாள்? திரும்பி வரப்போகிறவள் எதற்கு அங்கே செடி வைக்கிறாள்? “கடையைப் போட்டுட்டு என்னால வர முடியாது” என்று மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கு நான் கத்தினேன். அவள் மனதில் என்ன என்று நான் ஏன் கேட்கவே இல்லை?

மார்ச் 6
“விதையே இல்லாத காய்டி இது” என்றேன். மூச்சு வாங்கச் சிரித்தாள். “ஐயோ, அந்த உருண்டையேதாங்க விதை! எதைப் பார்த்தாலும் பிரிச்சுப் போட்டுடுவீங்களா?”

மார்ச் 7
மிச்சம் ஒன்று. அனுப்பினால் அவள் அங்கேயே தங்கிவிடுவாள். எல்லாம் அழுகிவிட்டது என்று சொல்லிவிட்டால்? கடை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அற்பப் புத்தி.

ஏப்ரல் 2
அவள் விதையைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது. இன்று இழுப்பறையைத் திறந்தேன். மண் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை, வெளிச்சமும் இல்லை. விரல் நீளத்துக்கு வெள்ளை வேர் விட்டிருக்கிறது! தண்ணீரை எங்கிருந்து எடுத்தது? தனக்குள்ளிருந்தேவா? அறுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு விதையைப் பூட்டி வைத்தவன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 9
நர்ஸம்மாவின் குவார்ட்டர்ஸ். காலையில் இருவருமாக நட்டோம். நான் கடையிலிருந்து கொண்டுவந்த கருவிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பிப் போக எப்போ டிக்கெட்?”

“இது பூத்த பிறகு.”

“மூணு வருஷமாவது ஆகுமே!”

“தெரியும்.”

அவள் எழுந்து போய், அலமாரியில் தன் துணிகளை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள்.