நீளப் படத்தின் இரண்டு முனைகள்

நெம்மேலி குப்பம்
5-9-1976

அன்புள்ள மகன் கங்காதரனுக்கு அம்மா ஜெகதாம்பாள் எழுதுவது. கங்கையம்மன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் நல்ல சுகம், அவருடைய முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பம்பாயில் மழை விட்டதா, வேளைக்குச் சோறு தின்கிறாயா, படம் கழுவுகிற இருட்டறையில் நின்று நின்று கண் எரிகிறது என்று எழுதியிருந்தாயே அது இப்போது எப்படி இருக்கிறது, ஒன்று விடாமல் பதில் போடு. உன் அக்கா மீனாட்சிக்கு இது ஏழாம் மாதம், அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து இங்கே அழைத்து வருகிறோம். மாமியார் வீட்டில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் முதல் பிரசவம் இங்கேதான்.

மாசி மகத்துக்கு வந்தபோது நைனாவின் கட்டுமரத்தில் போய் நீ எடுத்த மூன்று படத்தையும் ஒட்டி நீளமாக அனுப்பினாயே, அது வந்து சேர்ந்தது. பிரித்தால் பாய் மாதிரி சுருண்டுகொள்கிறது, நாலு மூலையிலும் டம்ளரை வைத்துத்தான் பார்த்தோம். இடது கோடியில் மகாபலிபுரம் லைட் ஹவுஸ் குச்சி மாதிரி நிற்கிறது, வலது கோடியில் கோவளத்து மாதா கோயில், இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் வலது பக்கமாக நம் குப்பமும் சவுக்குத் தோப்பும், கீழ் மூலையில் உன் நைனாவின் கால் கட்டைவிரல். பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் இருக்கிறேன், கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறேனே தவிர, கடலில் இருந்து பார்த்தால் கரை இப்படி இருக்கும் என்று எனக்கு யார் காட்டினார்கள்? நம் வீடு எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், சின்னக் கறுப்புப் புள்ளியாக அகப்பட்டது, அன்றைக்கு உலை வைக்கக்கூட மறந்துபோனேன்.

வலை நூல் கம்பெனியின் வருகிற வருஷக் காலண்டருக்கு இந்தப் படத்தைப் போடலாம் என்று உன் முதலாளி சொல்கிறார், போட்டால் உன்னை இருட்டறையை விட்டு வெளியே எடுத்துப் படம் பிடிக்கிற வேலையில் விடுவார், ஆனால் அட்டைக்கு மொத்தப் படமும் கொள்ளாது, வானத்தையும் தண்ணீரையும் வெட்டி நீளவாக்கில் வைப்பதா, ஒரு பக்கத்தை வெட்டுவதா, அவருக்கு நீளம்தான் பிடித்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். நானும் ரேஷன் கார்டை ஒரு பக்கமும் உன் கடித உறையை ஒரு பக்கமும் வைத்து மூடி மூடிப் பார்த்தேன். இடது பக்கத்தை மூடினால் நம் குப்பம் ஏதோ பெரிய ஊர் மாதிரி நடுவுக்கு வந்துவிடுகிறது. வலது பக்கத்தை மூடினால் அதே குப்பம் கோடியில் ஒதுங்கி நிற்கிறது. மேலும் கீழும் மூடினால் புடவைக் கரை மாதிரி ஆகிவிடுகிறது, நைனாவின் விரலும் போய்விடுகிறது. ஒரே படம், வெட்டுகிற இடத்தைப் பொறுத்து ஊரே மாறுகிறதே, இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோவளத்து ரெபேக்காள் வந்தாள், என்னோடு திருப்போரூர்ச் சந்தைக்கு மீன் கூடை தூக்குகிறவள்தான். மாதா கோயிலை வெட்டினால் அந்தக் காலண்டரை எங்கள் வீட்டில் மாட்ட மாட்டேன் என்று முதலில் சண்டை போட்டாள். பிறகு படத்தின் மேல் விரலை வைத்து, இந்தக் கோடியும் அந்தக் கோடியும் தெரியுதே, எங்க வூட்டுக்காரர் பாத்தாருன்னா கட்டுமரம் எந்த எடத்துல நின்னுகினு இருந்துச்சுன்னு டக்குனு சொல்லிடுவாரு என்றாள். வலை பின்னிக்கொண்டிருந்த உன் நைனா எழுந்து வந்து படத்தைப் பிடுங்கிச் சுருட்டிக் குழாயில் போட்டுவிட்டார். ரெபேக்காள் முகம் சுண்டிப் போய்விட்டாள். எனக்கும் கோபம்தான், ஆனால் கோபத்தை விட, இந்த மனுஷனுக்கு இன்னா வந்தது என்கிற யோசனைதான் பெரிதாக இருந்தது.

அவள் போன பிறகு மெதுவாகக் கேட்டேன், எதை வெட்டச் சொல்லட்டும் என்று. லைட் அவுஸ வெட்டிடச் சொல்லு என்றார். மகாபலிபுரம் இருந்தால்தானே வெளியூர்க்காரன் பார்ப்பான், கோயிலை வெட்டினால் என்ன என்றேன். சரி, கோயில வெட்டச் சொல்லு என்றார் உடனே. அப்போ உனக்கு எதுவானாலும் சம்மதமா, இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு வானத்தை வெட்டினால் என்ன என்றேன். அத்த மட்டும் செய்யக் கூடாது, ரெண்டும் ஒண்ணா கீற மாதிரி போடவே கூடாது என்று கத்தினார். ஏதாவது ஒன்று இருக்கலாம், இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். நீ பள்ளிக்கூடம் என்று போனவன், உனக்குத் தெரியுமோ தெரியாதோ, கடலில் ஒரு இடத்தை மறுபடி கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு பக்கமும் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கம் இதற்கு நேரே பின்னால் இது, அந்தப் பக்கம் அதற்கு நேரே பின்னால் அது என்று இரண்டும் கூடினால்தான் இடம். ஒன்று மட்டும் தெரிந்தால் நாளெல்லாம் சுற்ற வேண்டியதுதான்.

ஆடி மாசம் குப்பமே வெறும் கையோடு கரையேறும்போது உன் நைனா மட்டும் களவாவும் சங்கராவும் கொண்டுவருவாரே, உங்களை வளர்த்ததும் மீனாட்சிக்குக் கல்யாணம் முடித்ததும் அந்த மீனில்தானே. எங்கே பிடித்தாய் என்று இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறேன், கடல்லதான் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷனுடைய குட்டு உன் படத்தில் வெளிப்பட்டுவிட்டது. படம் எடுத்த இந்த எடம்தானா அது என்று நேராகக் கேட்டேன், ஆமென்று தலையை ஆட்டினார். தண்ணீருக்கு அடியில் மீன் அண்டுகிற பாறை இருக்கிறதாம், இரண்டு வீட்டு அகலம்தானாம். வலை நூல் வாங்குகிற வீட்டுக்கெல்லாம் இந்தக் காலண்டரைக் கொடுப்பார்கள், கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் டீக்கடை டீக்கடையாகத் தொங்கும், அப்புறம் நமக்கு அங்கே என்ன மிஞ்சும்? ஆகவே நீளவாக்கில் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடு. அம்மாவுக்கு வானம் பிடித்திருக்கிறது என்று சொல், பொய்யும் இல்லை. கோவளத்துப் பக்கத்தை வெட்டிவிடு, ரெபேக்காளை நான் சமாதானம் செய்துகொள்கிறேன். இதனால் உனக்கு அந்த வேலை தவறிப்போனால் என்னைத் திட்டு, நைனாவைத் திட்டாதே.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இம்மாம் பெரிய கடல் கிடக்கிறதே, படம் பிடிக்க வந்தவனை எதற்கு அந்த இடத்துக்குக் கூட்டிப்போனாய், எனக்கே காட்டாத இடமாயிற்றே என்று கேட்டேன். வலையில் ஒரு கண்ணைப் பின்னி முடிச்சுப் போட்டார். பிறகு சொன்னார், கேப்பான்னு பாத்தேன், இது இன்னா எடம் நைனா, இங்க ஏன் நிறுத்துனேன்னு கேப்பான்னு பாத்தேன், ஒண்ணும் கேக்கல, ஆடாத நைனா ஆடாத நைனான்னு சொல்லிகினே இருந்தான், சரின்னு நானும் ஆடாம குந்திகினு இருந்தேன் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ வேண்டுமென்று செய்யவில்லை, உனக்கு அன்றைக்கு வெளிச்சம்தான் முக்கியம், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

எதற்கு நேரே எது என்று நான் அவரைக் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தவள், பதில் அவர் தொண்டை வரைக்கும் வந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் அது நீ கேட்க வேண்டியது. கடிதத்தில் கேட்காதே, அவர் எழுதவும் மாட்டார், எழுதுவதும் ஆகாது. லீவு கிடைக்கிறபோது வா, வந்து அவரோடு கட்டுமரத்தில் ஏறு, காமிராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. நீ கேட்டால் சொல்லுவார். சொல்லத்தான் அன்றைக்குக் கூட்டிப்போனார்.

எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணுக்கு ஓய்வு கொடு. கங்கையம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பெயரும் கொடுக்கட்டும். மொத்தப் படத்தையும் அங்கே யாருக்கும் காட்டி வைக்காதே, மறந்துவிடாதே.

உன் நைனா சிங்காரத்தின் ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ஜெகதாம்பாள்