மதி என்று சொன்னவனுக்கு

இன்று சாப்பிடும்போது என் தங்கை ரசம் ஊற்றிக்கொண்டே, "மதியா அண்ணே?" என்று கேட்டாள். திருவனந்தபுரத்தில் இலைமுன் உட்கார்ந்தால் தமிழனும் போதும் என்பதற்கு மதி என்றுதான் சொல்வான். நான் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரசம் தட்டு நிரம்பி என் மடியில் வழிந்தது. அலறியது அவள்தான். இடுப்புக்குக் கீழே எது சுட்டாலும் எனக்குச் செய்தி வராது. உனக்கோ நெஞ்சுக்குக் கீழேயே ஒன்றும் கிடையாது.

நான் சாலைக் கடைவீதியில் ஆணியும் பூட்டும் விற்கிற வீட்டுப் பிள்ளை. நீ பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். பட்டாளம் இரண்டு பேர் முதுகையும் முறித்து ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டது. நான் விடிந்ததும் ஏச ஆரம்பிப்பேன். "கோவப்பட்டா எழும்பி நடக்கவா போறோம், அண்ணாச்சி?" என்று நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் அந்த டாக்டர் வந்தார். முதுகொடிந்த பட்டாளக்காரர்கள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று அளக்கப்போகிறாராம். பத்துக்கு மார்க். என்னைக் கேட்டபோது, "உம்ம முதுகை ஒடிச்சுப் போட்டுட்டு வந்து கேளும்" என்றேன். இரண்டோ மூன்றோ போட்டார். பிறகு உன் பக்கம் குனிந்து, இப்போதைய வாழ்க்கை போதுமா, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இப்போழத்தெ ஜீவிதம் மதியோ? இனியும் வல்லதும் வேணோ?"

"மதி ஸாரே. மதி."

மனிதர் பூரித்துப்போய் முழுசாகப் பத்து போட்டார். "அவனெக் கண்டு படிக்கு" என்று, உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி எனக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னலேய் அப்படிச் சொல்லிட்டே?" என்றேன். "இந்த உசுரு மதின்னு சொன்னேன் அண்ணாச்சி. அவரு சோறு வெளம்புனவரு மாதிரி எடுத்துக்கிட்டாரு." நீ மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

கட்டில் தட்டுப்பாடு வந்தது. மார்க் கூடியவர்களுக்கு இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீடு போதும் என்று முடிவு கட்டினார்கள். அவன் வெறுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை அது என்று டாக்டரிடம் கத்தினேன். "நிங்ஙளோடு சோதிச்சில்லல்லோ" என்றார், என்னைக் கேட்கவில்லையாம். அன்றைக்குத்தான் நீ சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன். "அனுப்பாதீங்க ஸார், அங்க என்னைத் திருப்பிப் போட ஆளில்ல" என்று கெஞ்சினாய். பத்து மார்க் வாங்கியவன் அழலாமா என்று உன் தோளைத் தட்டினார். உணர்ச்சி மிச்சமிருந்த இடமாகப் பார்த்துத் தட்டினார், பாவி.

விதுராவுக்கு மேலே உன் லயத்துக்கு எஸ்டேட் லாரியில் உரமூட்டைகளோடு நீ போனாய். உன் அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போனால் இருட்டித்தான் வருவாள். அந்த மழைக்காலம்கூட நீ தாண்டவில்லை. உன் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான்: "முதுகுல புண்ணு எலும்பு வரைக்கும் போயிட்டு. நோவுதான்னு கேட்டா இல்லேன்னு சிரிச்சான், அண்ணாச்சி." எப்படி நோகும், மக்கா?

மறுபடி அளக்க வந்த டாக்டரிடம் நீ செத்துப்போனதைச் சொன்னேன். "கஷ்டம்" என்று உச்சுக்கொட்டினார். "நல்ல மார்க்காயிருந்நு."

அவர் சொன்னபடியே உன்னைக் கண்டு படித்தேன். கேட்க வந்தவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். இவன் தேறவில்லை என்று எழுதி எழுதி, புண் வராமல் புரட்டிப் போட்டு, என்னைப் பல வருஷம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். என் கெட்ட வாய் என்னைக் காப்பாற்றியது. உன் நல்ல குணம் உன்னைத் தின்றது.

தங்கை இப்போது என் தொடையில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். கொப்பளம் பெரிதாகத்தான் இருக்கிறது. "மதின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன அண்ணே?" என்று அழுகிறாள்.

"எனக்கு அடுத்த கட்டில்ல ஒருத்தன் சொன்னான்" என்றேன். "கொண்டுபோய்க் கொன்னுட்டாங்க."