புலி ஏன் விலகிப் போகிறது

கிழக்குத் தாம்பரம்
12-4-1969

அன்புள்ள ரத்தினத்துக்கு,

ஒரே இன்லண்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருப்பதால், எழுத வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என் உடல்நிலை.
2. ஜீவரத்தினம் சார் கேட்டிருக்கும் கட்டுரை.
3. அதில் எனக்குள்ள சந்தேகம்.
4. தம்பி தனசிங்கிடம் பேசுவது.

முதலாவது: ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி குறைவு. தனசிங் மனைவி ஹில்டா குழம்பில் காரம் கூடுதலாகப் போடுகிறாள். சொல்லவில்லை, மோர் ஊற்றிச் சரிக்கட்டிக்கொள்கிறேன். ஈஸ்டர் ஆராதனையில் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உன் இடத்தை அப்படியே விட்டு வைத்தேன்.

இரண்டாவது: ஜீவரத்தினம் சார் நடத்தும் விஞ்ஞான மாத இதழுக்கு ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். புலியும் பழுப்புக் கரடியும் எதிரெதிரே நின்றால் எது வெல்லும்? முப்பத்திரண்டு வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தவளை அறுத்துக் காட்டிய தகுதியில் என்னைப் பதில் எழுதச் சொல்கிறார். ஜூன் இதழுக்கு இரண்டு பக்கம். "மழுப்பாம ஒரு முடிவு சொல்லணும் சார்" என்று இரண்டு தரம் சொன்னார். யாரோ என்னைப் பற்றி அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

நம் காட்டுக் கரடியை இதில் சேர்க்கக் கூடாது. பழுப்புக் கரடி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் புலியும் ஒரே காட்டில் வாழ்வது ருஷ்யாவின் கிழக்குக் கோடியில், பனி விழும் மலைகளில். மவுண்ட் ரோடில் வாங்கிய சிறு ருஷ்ய நூல் ஒன்றில் அதைப் பற்றிப் பதினோரு பக்கம் இருக்கிறது. வளர்ந்த ஆண் புலி சுமார் இருநூறு கிலோ. ஆண் கரடி குளிர்காலத்துக்கு முன் கொழுத்திருக்கும்போது முந்நூறைத் தாண்டும். எடையை மட்டும் பார்த்தால் கரடி.

மூன்றாவது: எடையை மட்டும் பார்க்கலாமா? இதை எழுதும்போது தனசிங் பின்னால் நின்று படித்தான். "இதுல யோசிக்க என்ன இருக்குண்ணே? புலிதான். கரடி சர்க்கஸ்ல சைக்கிள் ஓட்டும்" என்றான். டைப் பழக வந்த பெண்கள் சிரித்தார்கள். உன் அறையில் இப்போது நான்கு டைப் மெஷின்கள். காலை ஆறரைக்குச் சத்தம் ஆரம்பிக்கிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கேட்டுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே யோசிக்கிறேன்.

நான்காவதற்கு இடம் இல்லை. மடிக்கும் ஓரத்தில் எழுதினால் ஒட்டும்போது மறைந்துவிடும். அடுத்த கடிதத்தில்.

என்றும் உன்,
தேவானந்தம்

*

பாளையங்கோட்டை
17-4-1969

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞானஜோதி அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, வாய் இறங்கவில்லை. நான் நான்காம் எண்ணைத் தேடி இன்லண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு, "ஒம் வீட்டுக்காரரு புலியை எழுதுவாரு, எலியை எழுதுவாரு, தம்பியை மட்டும் எழுத மாட்டாரு, நீ கண்ணைக் கெடுத்துக்காத" என்றாள்.

கிளம்பிய அன்று சொன்னதைத்தான் மறுபடியும் சொல்கிறேன். பதினைந்து நாள் என்று வந்தவர்கள் பதினான்கு மாதமாக இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் சமைத்துப் போட்டேன். ஆனால் நான் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மாலையில், என் தையல் மெஷினையும் புத்தகங்களையும் விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டு, என் அறை வாசலில் தனசிங் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டு மாட்டினான். நான் வந்தபோது நீங்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

அறையைக் காலி செய்யும்படி அவனிடம் சொல்லுங்கள். அவன் போகிறானா இல்லையா என்பது அப்புறம். நீங்கள் சொன்னீர்கள் என்று தெரிந்தால் போதும், அடுத்த ரயிலில் வந்துவிடுவேன்.

இன்னொன்று. இங்கே பெண்கள் விடுதிக்கு மேற்பார்வையாளர் தேடுகிறார்கள். தலைமையாசிரியையாக இருந்தவள் என்று என்னைக் கேட்டார்கள். சேர்ந்தால் ஒரு வருடம் விட்டு வர முடியாது. மே பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை தபால் பார்ப்பேன்.

"எடையை மட்டும் பார்த்தால் கரடி" என்ற வாக்கியம் நன்றாக இருக்கிறது. அதற்குப் பின்னால் ஓர் "எனினும்" போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ரத்தினபாய்

*

கிழக்குத் தாம்பரம்
25-4-1969

அன்புள்ள ரத்தினத்துக்கு,

ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்தது. அதனால் பிடித்தேன். இது சமாதானம் ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

தனசிங்கிடம் பேசப் போனேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அறை வாசலில் நின்றேன். "அண்ணே, ஸ்பீட் டெஸ்ட் நடக்குது, ஒரு பத்து நிமிஷம்" என்றான். பத்து நிமிஷத்துக்குப் பிறகு ஹில்டா காபி கொண்டு வந்தாள். காபியைக் குடித்துவிட்டு அதைக் கொடுத்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. அது நம் வீடு என்பது காபி முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. புதன்கிழமை மறுபடியும் போனேன். பெண்கள் இருந்தார்கள்.

பால்காரக் கிளியம்மாள் கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், அம்மா ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது, எப்பதான் வர்தாம்? கேட்டாண்டயே நடந்துகினு கீறியே, போயி இட்டுகினு வரக் கூடாதா?" என்றாள். வருவாள் என்று சொன்னேன். "நீயா சொல்றியா, அது சொல்லிச்சா?" என்றாள்.

கட்டுரை நகர்ந்திருக்கிறது. புலியின் பலம் பின்னாலிருந்து பாய்ந்து கழுத்தைக் கவ்வுவது. கரடியின் பலம் தோளும் முன்கையும். அடித்தால் எலும்பு நிற்காது. அதன் மயிரையும் கொழுப்பையும் தாண்டிப் பல் இறங்குவதும் எளிதல்ல. தன்னைவிடச் சிறிய கரடிகளைப் புலி கொன்று தின்கிறது. குகையில் தூங்குவதையும் விடுவதில்லை. ஆனால் மிகப் பெரிய ஆண் கரடி ஒன்று, பனியில் புலியின் கால்தடத்தைப் பிடித்துப் பின்னாலேயே வந்து, அது அடித்த மானைப் பிடுங்கித் தின்னும். புலி விலகிப் போய்விடும்.

இங்கேதான் நான் ஒரு கருத்தைச் சொந்தமாகச் சேர்த்திருக்கிறேன். விலகுவது தோல்வி அல்ல. புலி நாளைக்கு வேறு மானை அடித்துக்கொள்ளும். காயம்பட்டால் வேட்டையே இல்லை. ஆகவே விலகிப் போவதால் புலிக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. அதுவும் ஒரு வகை வலிமைதான். இந்தப் பகுதி எனக்குத் திருப்தியாக வந்திருக்கிறது. நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

என்றும் உன்,
தேவானந்தம்

*

பாளையங்கோட்டை
1-5-1969

அன்புள்ள அத்தானுக்கு,

பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

புலிக்கு நாளைக்கு வேறு மான் கிடைக்கும். எனக்கு வேறு அறை எங்கே கிடைக்கும்?

முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். வீடு கட்டும்போது கிழக்குப் பக்கம் ஜன்னல் வைத்து, உட்கார ஓர் இடம் மட்டும் கேட்டேன். நீங்கள்தான் வரைபடம் போட்டு, ஜன்னலை அரை அடி நகர்த்தி, வெயில் கண்ணில் விழாமல் பார்த்தீர்கள். அவ்வளவு கவனமாகச் செய்தவர் அதை ஒரே மாலையில் விட்டுக் கொடுத்தது எப்படி என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன். உங்களுக்கு என் மேல் பிரியம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்தால் சுலபமாக இருக்கும்.

நான் புலியும் இல்லை, தனசிங் கரடியும் இல்லை. அவன் சத்தமாகப் பேசுகிறவன், அவ்வளவுதான்.

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா? அலமாரியின் மேல்தட்டில் பச்சைப் புட்டி.

ரத்தினபாய்

*

கிழக்குத் தாம்பரம்
19-5-1969

அன்புள்ள ரத்தினத்துக்கு,

சொல்லிவிட்டேன். அவர்கள் காலி செய்துவிட்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை, காலை வகுப்பு முடிந்ததும் போனேன். பேச வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். "தனசிங், இது உன் மதினி அறை. நீ காலி பண்ணணும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு எதற்கோ "தயவு செய்து" என்றும் சொன்னேன்.

அவன் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். நாற்காலியைத் தள்ளி, "உட்காருங்கண்ணே, விழுந்துறப் போறீங்க" என்றான்.

"பனியில பின்னாலயே வந்து சாப்பிடுற கரடி நான்தானே?" என்றான்.

நான் இல்லை என்றேன். "உங்க கட்டுரையைத் தமிழ் மெஷின்ல அடிச்சுக் கொடுத்ததே நான்தான். அடிக்கும்போதே ஹில்டா கேட்டா, இது யாருங்கன்னு" என்றான். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"அண்ணே, மதினி ஊருக்குப் போன மறுநாளே ஹில்டா பெட்டியைக் கட்டிட்டா. நாங்க இருக்கிறதாலயா போயிட்டாங்கன்னு உங்ககிட்ட நேரா கேட்டேன். நீங்கதான், அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, அக்காவைப் பார்க்கப் போயிருக்கா, நீ நிம்மதியா இருன்னீங்க. போர்டு மாட்டுறப்பவும் கேட்டேன், மதினி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களான்னு. அவகிட்ட நான் பேசிக்கிறேன்னீங்க. பேசினீங்களா?"

பேசவில்லை என்றேன்.

"அப்ப என் மேல ஏன் அவங்களுக்குக் கோபம் வராது? என்னைய இப்படி ஆக்கி வச்சிட்டீங்களே அண்ணே" என்றான். ஹில்டா உள்ளேயிருந்து வந்து, "விடுங்க, பாவம், வேர்த்துக் கொட்டுது அவருக்கு" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. பதினான்கு மாதம் நான் பயந்துகொண்டிருந்த சண்டைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அது சண்டையும் இல்லை. குரோம்பேட்டையில் ஒரு மாடி பார்த்து, சனிக்கிழமை பதினேழாம் தேதி சாமான்களை வண்டியில் ஏற்றிப் போனார்கள். போர்டை அவனே கழற்றினான். இந்தத் தடவையும் நான் ஸ்டூலைப் பிடித்தேன்.

திங்கட்கிழமையே உனக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அவன் மனம் மாறிவிட்டால் நான் உனக்குப் பொய் எழுதியதாக ஆகிவிடுமே என்று பயந்தேன். அறை காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுவதுதான் முறை என்று பட்டது. நேற்று அறையைக் கழுவி, தையல் மெஷினைத் துடைத்து உள்ளே வைத்தேன். அதன் பிறகே உட்கார்ந்து இதை எழுதி, பிழை பார்த்து, வேறு தாளில் நகல் எடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ பதில் சொல்வதைச் சற்றுத் தள்ளிப் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

கட்டுரைக்கும் முடிவு எழுதிவிட்டேன். நேருக்கு நேர் என்றால் கரடி என்று. "எனினும்" போடவில்லை.

என்றும் உன்,
தேவானந்தம்

*

பாளையங்கோட்டை
22-5-1969

அன்புள்ள அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை தபால்காரரைப் பார்த்தேன். நாலரைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் தேதியே சொல்லிவிட்டீர்கள். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் தந்தி ஆபீஸ். "சொல்லிவிட்டேன்" என்று ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தால் பதிமூன்றாம் தேதி பெட்டியைக் கட்டியிருப்பேன். அவன் போகிறானா இல்லையா என்பது அப்புறம் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நீங்கள் படிக்கவில்லையா, அல்லது படித்தும் நம்பவில்லையா?

வரும் திங்கட்கிழமையிலிருந்து விடுதியில்தான் இருப்பேன். எண்பத்தாறு பெண்கள். எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். பார்வையாளர் நேரம் ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை. இது உங்களை வரச் சொல்வதற்காக எழுதியதல்ல. கடிதம் எழுதுகிறவர்கள் விலாசத்தோடு இதையும் தெரிந்துகொள்வது வழக்கம் என்பதால் எழுதினேன்.

தனசிங் என் மேல் வருத்தமாக இருக்க வேண்டாம். அவனுக்கு நான் தனியாக எழுதுகிறேன். அவனைப் பற்றி நான் நினைத்ததில் பாதி சரியில்லை.

ரத்தினம்

*

கிழக்குத் தாம்பரம்
26-5-1969

அன்புள்ள ரத்தினத்துக்கு,

அந்த வரியைப் படித்தேன். நான்கு தரம் படித்தேன். நான் வெறுமனே சொன்னதற்காக ஒருவர் ரயில் ஏறி வருவார் என்று நம்பத்தான் எனக்குத் தைரியம் இல்லை. கையில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆய்வுக்கூடப் பழக்கம் என்று எழுதலாம், ஆனால் அது உண்மை இல்லை.

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விடுதி வாசலில் இருப்பேன். உன்னைக் கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும். கேட்டால் பதில் வரும்வரை நடந்துகொண்டே இருப்பேன் என்பதால் கேட்கவில்லை. பார்க்க விருப்பமில்லை என்றால் காவலாளியிடம் சொல்லி அனுப்பு. ஐந்து மணி வரை நின்றுவிட்டு, அடுத்த ஞாயிறு வருகிறேன். அறையைப் பூட்டவில்லை, ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். கிளியம்மாள் தண்ணீர் தெளித்துப் பெருக்குவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கட்டுரையின் புரூஃப் இன்று வந்தது. கரடி என்று சொன்னதை மாற்றவில்லை. ஒரு பத்தியை மட்டும் அடித்துவிட்டு, ஜீவரத்தினம் சாருக்குக் காரணமும் எழுதினேன். அந்த ருஷ்ய நூலிலேயே, கரடி மானைப் பிடுங்குவதைச் சொல்லும் அதே பக்கத்தின் அடியில் இருக்கிறது: இரையை விட்டுக் கொடுத்த புலி அதை ஈடுகட்ட மறுபடியும் பனியில் நெடுந்தூரம் அலைய வேண்டும், அது தாய்ப்புலியாக இருந்தால் பசி குட்டிகளுக்கு. கட்டுரை எழுதும்போதே இதைப் படித்திருந்தேன். என் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் எடுக்காமல் விட்டேன். உனக்கும் எழுதவில்லை.

விலகிப் போவதால் இழப்பு எதுவும் இல்லை என்று நான் எழுதியது தவறு, ரத்தினம்.

உன்,
தேவானந்தம்