முதலில் வார்த்த மோர்

குன்றும் சுனையும் காவல் நிற்கும் வெண்மணிக்கோட்டை ஆளும் அரசி, ஆதன் மகள் காரிநங்கை, முத்தும் சங்கும் கரையேறும் சங்குத்துறை நாட்டு வேந்தர் நெடுஞ்சாத்தனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் வலைகள் நிறைக. தங்கள் உப்பளங்களில் மழை தவறியும் பெய்யாதிருக்க. தங்கள் குடிகளின் அடுப்புகள் நாள்தோறும் புகைக. வாழ்த்தில் குறை வைக்கவில்லை. சினத்திலும் குறை வைக்கப் போவதில்லை.

தங்கள் ஓலை நேற்று முற்பகல் எம் அவையில் வாசிக்கப்பட்டது. ஆற்றுநீரைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்ய வந்த தங்கள் தம்பியார் கடலனாரை இலை போட்டு உட்கார வைத்து, எடுத்த எடுப்பிலேயே மோர் வார்த்து விரட்டினோம் என்றும், அந்த மோரை வார்த்த கையை மணிக்கட்டோடு வெட்டி, ஓலை கண்ட மூன்றாம் நாளாகிய நாளை உச்சிப்பொழுதுக்குள் அனுப்பாவிடில் தங்கள் யானைகள் ஆற்றில் இறங்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். அக்கரையில் தங்கள் பாசறைப் புகை எம் மாடத்திலிருந்தே தெரிகிறது. ஆகவே இது வெறும் மிரட்டல் என்று எம் அவையில் ஒருவரும் சொல்லவில்லை.

தம்பியார் ஏன் எழுந்தார் என்பது ஏழு நாளாக எமக்கு விளங்கவேயில்லை. கைகூப்பித் தடுத்தோம், அவரோ ஒரு சொல்லும் பேசாது குதிரையேறிவிட்டார். நேற்றுதான், தங்கள் நாட்டில் பிறந்து எம்மூர் உப்பு வணிகர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட நெய்தலி என்பவளை அழைத்துக் கேட்டோம். அவள் முதலில் சிரித்தாள்; பிறகு அக்கரைப் புகை நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பிறந்த ஊரில் மோர் வந்தால் உணவு முடிந்தது, கை கழுவ எழ வேண்டும் என்று பொருள் என்றும், முதலிலேயே மோர் வார்ப்பது வந்த வழியே போ என்று சொல்வதற்கு ஒப்பாகும் என்றும், புகுந்த வீட்டு முதல் பந்தியில் தானும் அவ்வாறே பசியோடு எழுந்து மூலையில் நின்று அழுததாகவும் கூறினாள்.

வேந்தே, எம் நாட்டு வழக்கு இதற்கு நேர்மாறானது. எங்களிடம் வருவோர் நிழலற்ற பாறைவழியில் மூன்று நாள் வெந்து வருகிறார்கள். காய்ந்த வயிற்றில் காரத்தைக் கொட்டுவது விருந்தன்று, தண்டனை. ஆகவே எங்களுக்கு மோர்தான் முதலில். இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கசக்கிப் போட்டு, வரகுச் சோற்றில் வார்த்துப் பிசைவோம். மிளகுச் சாறு கடைசியில். விருந்து இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. தம்பியார் எழுந்தபோது அடுப்படியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். கேட்டபின் அவரைக் கடிந்துகொள்ளத் தங்களுக்கே தோன்றும். முந்தின நாளே வைத்து ஊறவிட்ட வரால் மீன் குழம்பு இருந்தது. மீன் குழம்பை வைத்த அன்றே உண்பவர் அவசரக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. தணலில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காய் இருந்தது; அதில் உப்பும் நல்லெண்ணெயும் பச்சைச் சிறுவெங்காயமும் போதும், வேறெதைச் சேர்த்தாலும் கெடும். கொள்ளு வெந்த நீரில் மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்ட சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

அரசி வீட்டு விருந்து இவ்வளவுதானா என்று தங்கள் அவையோர் நகைக்கலாம். இருபத்துநான்கு கறியும் எட்டு இனிப்பும் அடுக்குவது விருந்தன்று, கடை விரிப்பு என்பது என் கருத்து. ஊரெல்லாம் புகழும் தங்கள் நாட்டுத் தேங்காய்ப்பால் பாயசத்தையும் உண்டிருக்கிறேன். முதல் வாய் அமுதம். மூன்றாம் வாயில் திகட்டிவிட்டது. இதற்கும் யானை அனுப்ப வேண்டாம். நாங்கள் வீட்டில் உண்பதையே வந்தவருக்கும் இடுகிறோம். உறவென்று நினையாதவருக்குத்தான் எங்களிடம் அலங்காரச் சோறு.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; தம்பியாருக்கு நாவும் சேர்ந்து பறந்துவிட்டது போலும். அடுத்து என்ன வரும் என்று அவர் ஒரு சொல் கேட்டிருக்கலாம். எங்கள் வழக்கு இது என்று நானும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கு இரு கரையிலும் பிள்ளைகள் சாக வேண்டுமா என்பதே என் கேள்வி.

இனி, தாங்கள் கேட்ட கையைப் பற்றி. ஓலை வாசித்து முடியுமுன்னரே எம் மடைப்பள்ளித் தலைவர் பூதனார் அவை நடுவே வந்து, வார்த்தது தம் கையே என்றும், அறுபது வயது வரை கிண்டியது போதும், இனிப் பிறர் கிண்டட்டும் என்றும் கூறி, வலக்கையை நீட்டி நின்றார். அமைச்சர்கள் தலை குனிந்தனர். ஒருவர் கையால் ஒரு நாடு பிழைக்குமானால் மலிவே என்று அவர்கள் எண்ணியதை நான் அறிவேன். அவர்களை வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

ஆனால் பூதனார் சொன்னது பொய். எம் நாட்டில் முதல் அகப்பை அந்த அடுப்புக்கு உரியவரின் கையால் விழ வேண்டும். அரசியே ஆனாலும் முடியும் அணியும் கழற்றி, பருத்திச் சேலை உடுத்தி, பந்தியில் குனிந்து வார்க்க வேண்டும். காலையில் முடியோடு என்னைக் கண்ட தம்பியார், உச்சிவேளையில் இலையைப் பார்த்தாரேயன்றி வார்த்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது நான். தாங்கள் கேட்கும் கை, இந்த ஓலையில் எழுத்தாணி பிடித்திருக்கும் கை. அஞ்சவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நேற்றிலிருந்து இந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆதலால் எம் நாட்டாருக்கு இக்கட்டளை இட்டுள்ளேன்: பூதனாரை எவரும் தொடலாகாது, நாளை என்ன நேர்ந்தாலும் ஒருவரும் வில்லெடுக்கலாகாது. தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றின் நடுத்திட்டில் தங்களுக்கும் தம்பியாருக்கும் இலை போடச் செய்யுங்கள். நாளை உச்சிப்பொழுதில் ஒற்றைத் தோணியில், காவலர் இன்றி, பானைகளோடு வருவேன். இம்முறை தங்கள் நாட்டு வழக்கப்படியே குழம்பு முதலில், மோர் கடைசியில். மோர் வரும்வரை எழாதிருங்கள். வார்த்து முடித்ததும் கையை நீட்டுகிறேன். வெட்டுவதும் விடுவதும் உண்டவர் பொறுப்பு.

மலைமேல் நிற்கும் ஞாயிறு சாட்சியாக, வெண்மணிக்கோட்டு இலச்சினை இதன்கீழ் பொறிக்கப்பட்டது. அது சற்றுக் கோணியிருப்பதைப் பொறுத்தருள்க. இடக்கையால் பதித்தேன், பழக வேண்டுமல்லவா.