சத்துணவுக்காகக் கூட்டிய வயசு

மரக்காணம்
16.7.2006

அன்பு மகன் சுப்ராயனுக்கு அம்மா பாப்பாத்தி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகள் இரண்டும் நல்லபடியாக இருக்கிறோம், எங்களைவிட ஆடுகள் கொஞ்சம் கூடவே நன்றாக இருக்கின்றன. அங்கே இங்கிலாந்தில் கவுண்டி மேட்ச் ஆடப் போயிருக்கிற நீயும் உன் வலது முட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது, இரண்டு பேரும் தனித்தனியாக எழுதினாலும் சரி. இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதனால் பாத்தியில் உப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் உன் அப்பா உப்பளத்தில் கால் வைத்து மூன்று வாரம் ஆகிறது. இந்தியா டீமுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர் உப்பு வாரக் கூடாதாம், வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு வாருகிறவர்களுக்கு யோசனை சொல்கிறார். போன வாரம் அவர் யோசனையைக் கேட்டு ஒருத்தி உப்பு வாருகிற பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உன் தங்கை சங்கீதா பெருமுக்கல்லில் சுகம், அவள் மாமியாரும் சுகம், அதுதான் அவள் குறை.

உன் கடிதம் போன மாசக் கடைசியில் வந்தது. உன் அப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். இருபத்தொன்பது முடிந்துவிட்டது, வேகப்பந்து போடுகிறவனுக்கு அது கிழட்டு வயசு, அடுத்த மார்ச்சில் வருகிற உலகக் கோப்பைக்குச் சின்னப் பையன்களைத்தான் எடுப்போம் என்று யாரோ பெரிய மனுஷர் சொல்லிவிட்டார், ஆகஸ்ட் பத்தாம் தேதி ஓய்வு என்று நானே அறிவித்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா முதலில் அழுதார், அரை மணி நேரம் நன்றாகவே அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு திண்டிவனம் போய் டிஜிட்டல் பேனருக்குச் சொல்லிவிட்டு வந்தார். “வேகப்புயலே ஓய்வெடு” என்று போட்டிருக்கிறதாம், உன் படம் இந்த ஓரத்தில் இத்தனூண்டு, உன் அப்பா படம் நடுவில் கூலிங் கிளாஸோடு. நீ பதினான்கு டெஸ்ட் ஆடினாய், அவர் என்ன ஆடினார் என்று கேட்டேன். “நான் இல்லாட்டி அவன் ஏதுடி” என்கிறார். அந்தப் பேச்சுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

உண்மையைச் சொல்கிறேன், உன் கடிதத்தைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஐந்து வருஷமாக உன் ஆட்டத்தை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. நீ ஓடி வர ஆரம்பித்தால் நான் ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுவேன். அவ்வளவு தூரம் மூச்சிரைக்க ஓடி வந்து நீ போடுகிற பந்தை எதிரில் நிற்கிறவன் சும்மா தொட்டு வைத்துவிட்டு நிற்கிறான், அதற்கு நடந்தே போய் அவன் கையில் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். உன் பந்தில் மூன்று கேட்சை விட்டானே ஒரு மகாராசன், அவனுக்கு நான் கொடுத்த சாபம் பலித்திருந்தால் அவன் வயிறு இன்னும் போய்க்கொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு பந்துக்கும் நீ அந்த முட்டியைத் தரையில் போட்டு இடிப்பதைப் பார்க்க எனக்கு ஆகாது. அதனால் போதும், வீட்டுக்கு வரட்டும் என்றுதான் இருந்தேன். அப்படி இருக்கும்போதுதான் ரேணுகா வந்தாள்.

ரேணுகாவைத் தெரியுமில்லையா, பக்கத்து வீட்டு சாமுண்டீஸ்வரி மகள், பொம்மையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. புருஷன் துபாய்க்குக் கூப்பிடுகிறான் என்று பாஸ்போர்ட் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் வயது இருபத்தேழு என்று போட்டிருக்கிறது. தப்பாகப் போட்டிருக்கிறாயடி, நீயும் சுப்ராயனும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள், அவனுக்கு இருபத்தொன்பது என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். “இல்ல அத்த, எனக்கு ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்டே இருக்குது, எழுபத்தொம்பது மார்ச்சு பதினஞ்சு” என்றாள். நான் விரலை மடக்கி மடக்கி இரண்டு தடவை கணக்குப் போட்டேன். மாசி மகம் முடிந்த மறுநாள் நீ வீட்டில் பிறந்தாய், அதற்கு மறுநாள் சாமுண்டீஸ்வரிக்கு வலி எடுத்துச் சிக்கலாகிப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதனால் அவளுக்குச் சர்ட்டிபிகேட் இருக்கிறது, உனக்கு இல்லை. உனக்கு இருப்பது பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி. உன்னோடு பிறந்தவள் உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தாளே, அப்போதாவது உறைக்க வேண்டாமா எனக்கு? உறைக்கவில்லை. காகிதத்தில் இருக்கிற வயதையே சொல்லிச் சொல்லி, பெற்றவளே அதை நம்பிவிட்டேன். உன் அப்பாவுக்கும் உறைக்கவில்லை, ஆனால் அவருக்குச் சில நாள் என் பெயரே ஞாபகம் வராது, அவரைக் கணக்கில் சேர்க்காதே.

நடந்தது இதுதான் கண்ணு. எண்பத்திரண்டு ஆனியில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட ஆரம்பித்தார்கள். அப்போது சங்கீதா ஐந்து மாசக் குழந்தை, அவளை வரப்பு ஓரத்தில் சேலையில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுத்தான் நான் உப்பு வாருவேன். நீ மூன்றே கால் வயசு, ஒரு இடத்தில் இருக்க மாட்டாய், பாத்திக்குள் இறங்கி ஓடுவாய், உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு உன் காலெல்லாம் வெடிப்பு. ஒரு வேளை சோறு போட்டு நிழலில் உட்கார வைக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டதும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சகாதேவன் வாத்தியார்தான் அப்போது ஹெட்மாஸ்டர். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, தொடவில்லை என்றால் வீட்டுக்குப் போ, அதுதான் அந்தக் காலத்துப் பரீட்சை. மூன்று வயதுப் பிள்ளை எதற்கும் காது எட்டாது. உனக்கு எட்டியது. கொஞ்சம் உன் தலையை நான் சாய்த்துப் பிடித்தேன், அது உண்மை, ஆனாலும் அந்தக் கை அப்போதே அவ்வளவு நீளம். வாத்தியார் என்னைப் பார்த்தார், உன் காலைப் பார்த்தார், எழுபத்தேழு ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

நேற்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். “ஏம்மா, இருவத்திநாலு வருஷம் கழிச்சு வந்து கேக்கறியே, இந்த ஊர்ல பாதிப் பேரு ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்தவன்தான், அத்தினி பேருக்கும் நான்தான் பொறந்தநாள் போட்டேன்” என்றார். போலீஸ் வருமா சார் என்று கேட்டேன். “வந்தா என்னையும் சேத்துதான் புடிக்கணும், எனக்கே ஜூன் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார்.

ஆக, உனக்கு இருபத்தொன்பது இல்லை. இருபத்தேழு வருஷம் நான்கு மாசம். போனில் இதைச் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டால் தெருவே வந்து ஸ்பீக்கரில் போடு என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை மாற்று, யாரிடமாவது போய்ச் சொல் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் கிழவன் என்றால் என்றுவிட்டுப் போகட்டும், நீ உன்னைக் கிழவன் என்று நினைக்காதே. வகுப்பில் நீதான் எல்லோரிலும் சின்னவனாக இருந்தாய், எல்லோரும் உன்னைத் தள்ளிவிட்டு ஓடினார்கள், எனக்கு மட்டும் ஏம்மா பலமே இல்லை என்று அழுதுகொண்டு வருவாய். நானும் சோறு சரியாகத் தின்னாததால்தான் என்று உன்னையே திட்டினேன். உனக்குப் பலம் இல்லாமல் இல்லை, உன்னைவிட இரண்டு வயது பெரிய தடியன்களோடு உன்னைக் கொண்டுபோய் விட்டவள் நான்தான். அவன்களுக்கு ஈடு கொடுக்கத்தான் நீ பந்தை அவ்வளவு வேகமாக எறியப் பழகினாய் என்று இப்போது தோன்றுகிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முட்டி முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வா, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அந்தப் பேனரைக் கிழித்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டுவிடுவேன். ஆனால் வயசாகிவிட்டது என்று மட்டும் விடாதே. அது உன் வயசு இல்லை, ஒரு தட்டுச் சோற்றுக்காக நான் உன் தலையில் வைத்தது. அந்த ஒன்றே முக்கால் வருஷம் நீ என் மடியில் கிடந்திருக்க வேண்டியவன், அழ அழ பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது உனக்குத் திருப்பித் தருகிறேன். ஓடுவதற்கு வைத்துக்கொள்கிறாயோ, உட்காருவதற்கு வைத்துக்கொள்கிறாயோ, உன் இஷ்டம்.

முத்தாலம்மன் உன் முட்டியைக் காப்பாற்றட்டும், நீ எல்லா நலத்தோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஈரச் சாக்ஸோடு நிற்காதே, அந்த ஊர்க் குளிருக்கு ராத்திரியில் நல்லெண்ணெய் சுட வைத்துத் தடவு. முக்கியமாக ஒன்று, ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு முன்னால் போன் செய். ஸ்பீக்கரில் தெருவே கேட்கும், அதனால் வெளிப்படையாக எதுவும் பேசாதே. இன்னும் விளையாடப் போகிறாய் என்றால், “சாப்பிட்டியாம்மா” என்று கேள். இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை, அதனால் எனக்குக் குழப்பம் வராது. விட்டுவிடப் போகிறாய் என்றால் ஒன்றும் கேட்க வேண்டாம், கிளம்பி வந்துவிடு, நான் சாப்பிடாமல் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை எழுபத்தொன்பதில்தான் பெற்ற அம்மா,
க. பாப்பாத்தி